அசையாத முப்பத்து மூன்று பேர்

பாலத்திலிருந்து விழும் பேருந்துக்குள் சுகந்தி நாற்பது பேரை வரைந்திருந்தாள்.

"ஏழு பேர் அசைஞ்சாப் போதும்மா. தியேட்டருக்குப் போகாம நேரா டிவிடியில வர்ற கார்ட்டூனுக்கு அவ்வளவுதான் கட்டுப்படியாகும்," என்றார் தயாரிப்பாளர்.

மீதிப் பேரை அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அசையாதவர்களுக்குச் செலவில்லை என்பதால் அப்படியே உட்காரவைத்துவிட்டாள்.

குரல் பதிவின்போது, திரையில் சூப்பர் ஹீரோ அந்தப் பேருந்தை ஏந்திப் பிடித்துத் தரையில் இறக்கினான். ஏழு பேர் கைதட்டினார்கள். மற்றவர்கள் இமைக்காமல் முன்னால் பார்த்தபடி இருந்தார்கள். ஹீரோவுக்குக் குரல் கொடுக்கும் ஆரோக்கியம் ஹெட்போனைக் கழற்றினார்.

"எல்லாரும் பொழச்சுட்டீங்கன்னு எழுதியிருக்கு. இத எப்படிம்மா நான் சொல்றது?"

சுகந்தி நிமிர்ந்து பார்த்தாள். திரையில், அசையாத தாயின் மடியில் உட்கார்ந்து ஒரு குழந்தை இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தது.