நான்காவது ஜாக்கெட்

பன்னிரண்டு ரிஃப்ளெக்டர் ஜாக்கெட்டுகள் உறை பிரிக்காமல் அலமாரியில் பூட்டிக் கிடந்தன. "மேலதிகாரி வரும்போது போட்டுக்கலாம். இப்பவே குடுத்தா அழுக்காக்கிடுவீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். அதனால் பனிமூட்டத்திலும் வெறும் காக்கியோடு சாலை வளைவில் நின்று வண்டிகளை நிறுத்தினோம்.

திங்கட்கிழமை காலை, நாங்கள் 'அலாரம்' என்று கூப்பிடும் கான்ஸ்டபிள் ஒரு காரை ஓரங்கட்டினான். டியூட்டிக்கு எப்போதும் முதலில் வருவதால் அவனுக்கு அந்தப் பெயர். பின்னால் வந்த லாரி அடித்து அந்த இடத்திலேயே செத்தான். "ஆளு நிக்கிறதே தெரியலைங்க" என்று டிரைவர் அழுதான்.

மறுநாள் அலமாரி திறந்தது. மூன்று பேர் கையெழுத்துப் போட்டு மூன்று ஜாக்கெட் வாங்கினோம்.

மதியம் கழற்றி மேசையில் வைத்தோம். ஏட்டு எண்ணினார். நான்கு இருந்தன. அலமாரியில் மீதி ஒன்பதும் உறையோடு அப்படியே இருந்தன.

"எவன்டா ஒண்ணு கூடக் கொண்டாந்தது?"

நான்காவதன் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். "கூடுதல்தானே? துவைச்சு உள்ள வெச்சுப் பூட்டுங்கய்யா."

"பூட்டி வெச்சுத்தானே சார் அவனைக் கொன்னீங்க" என்றேன்.

அந்த ஜாக்கெட்டை, அலாரம் தினமும் தொப்பி மாட்டும் கொக்கியில் மாட்டினேன். மறுநாள் காலை நாங்கள் வருவதற்கு முன்பே கொக்கி காலியாக இருந்தது.