ஒட்டுப் போட்ட இடம்

மேஸ்திரி படகைப் பார்த்து வேலை செய்யவில்லை. பெண்டாட்டியைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தார்.

பாறையில் மோதி உடைந்த இடத்தில் ஃபைபர் ஒட்டித் தேய்த்தாயிற்று. இனி வெள்ளைப் பூச்சு. பூசிவிட்டால் உள்ளே இருக்கும் குறை தெரியாது. அதற்கு முன் நாணயத்தால் தட்டிப் பார்க்க வேண்டும். கெட்டியான இடம் 'டிங்' என்னும். உள்ளே காற்று புகுந்திருந்தால் 'டொக்'.

இந்தப் படகில் கடலுக்குப் போகப்போவது என் மகன். அதனால் காலையிலிருந்து நான் நகரவில்லை.

மேஸ்திரி ஒரு தட்டுத் தட்டுவார். எதிரே குனிந்திருக்கும் பெண்டாட்டியின், எங்களுக்கெல்லாம் அக்காவின், முகத்தைப் பார்ப்பார். மறுபடி ஒரு தட்டு, மறுபடி அதே முகம். ஓரிடத்தில் மட்டும் பென்சிலால் வட்டம் போட்டார்.

அறுபது வயதில் இது என்ன கொஞ்சல்! என் வீட்டுக்காரர் கல்யாணத்தன்றுகூட என்னை இப்படிப் பார்த்ததில்லை.

"அக்கா எங்கயும் ஓடிட மாட்டாங்க மேஸ்திரி, வேலையப் பாருங்க," என்றேன், அவர் முதுகுக்குப் பின்னால் நின்று.

அவர் அடுத்த இடத்தைத் தட்டினார். அக்காதான் சிரித்து வைத்தார்.

பிறகு அக்கா தண்ணீர் எடுக்கப் போனார். நாணயம் நின்றுவிட்டது. மேஸ்திரி அதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

என் கை பட்டு, பெயின்ட் டின் ஒன்று சிமென்ட் தரையில் விழுந்தது. நானே துள்ளிப்போனேன். பக்கத்தில் இருந்த மேஸ்திரி திரும்பவே இல்லை.

காது கேளாதவர் தட்டிப் பார்த்த படகிலா என் பிள்ளை போகப்போகிறான்?

நிமிர்ந்தால், வாசலில் குடத்தோடு அக்கா. எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். யாரிடமும் சொல்லிவிடாதே என்று அந்தக் கண் கெஞ்சியது. வெளியே தெரிந்தால் இந்தப் பட்டறைக்கு யார் படகு கொண்டுவருவார்கள்?

வட்டம் போட்ட இடத்தில் அக்காவின் புருவம் சுருங்கியது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

அக்கா குடத்தை இறக்கிவிட்டு, படகோடு காதை ஒட்டிக் குனிந்தார். மேஸ்திரி தட்டினார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கொட்டகையில் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் அலறத் தொடங்கியது.

அக்கா உதட்டைக் கடித்தார். மேஸ்திரி அவர் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார்.

நான் விறுவிறுவென்று பக்கத்துக் கொட்டகைக்குப் போய், கிரைண்டர் பிடித்திருந்தவனின் தோளைத் தட்டினேன்.

"கொஞ்ச நேரம் நிறுத்துப்பா. எங்க மேஸ்திரிக்குப் பாம்புக் காது. இந்தச் சத்தத்துல அவருக்கு வேல ஓடாது."