மட்டமான சாஃப்ட்வேர்

"இருக்குறதுலயே மட்டமானது எது தம்பி?" என்று கேட்டாள் முனீஸ்வரி.

ஜேசுராஜுக்குச் சிரிப்பு வந்தது. கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆறு வருஷமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். விலை குறைத்துக் கேட்காத ஆளை அவன் இன்னும் பார்க்கவில்லை.

கையில் ஒரு துண்டுத் தாள் கொண்டுவந்திருந்தாள். 'சர்க்யூட் சிமுலேஷன்' என்று அதில் எழுதியிருந்தது; ஒயர் இணைப்புகளைத் திரையிலேயே வரைந்து ஓட்டிப் பார்க்கிற சாஃப்ட்வேர். கேட்டது அவள் கணவன் ஈஸ்வரபாண்டி. அனுமந்தன்பட்டி உரக்கடை ஒன்றில் அவனுக்கு வேலை. ஒழிந்த நேரத்தில் ரிலே, சென்சார் என்று வாங்கிப்போட்டு எதையாவது செய்துகொண்டிருப்பான்.

இப்போது அவன் கடைக்கு வெளியே, லேப்டாப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "குமுளி, குமுளி" என்று ஜீப்காரர்கள் அவன் காதருகே கத்தினார்கள். அவன் திரும்பவே இல்லை.

"அண்ணன் உள்ள வரலையாக்கா?"

"வருவாக. மொதல்ல நீ எனக்குக் காட்டு."

ஜேசுராஜ் முதலில் காட்டியது வருஷத்துக்கு ஏழாயிரம் ரூபாய். வேண்டுமென்றே ஒரு ஒயரைத் தப்பாக இணைத்து ஓடவிட்டான். திரையில் பல்பு வெடித்தது. சிவப்பு எழுத்தில் நாலு வரி வந்தது.

"பாத்தீகளா? நெசமான பல்பா இருந்தா இந்நேரம் குப்பைக்குப் போயிருக்கும்."

"தப்பாப் போட்டா இது காட்டிக் குடுத்துருமா?"

"ஒண்ணு விடாது. எல்லாத்தையும் காட்டிக் குடுத்துரும்க்கா."

"அப்ப வேணாம்."

விலைக்குத்தான் தயங்குகிறாள் என்று நினைத்து அவன் அடுத்ததைத் திறந்தான். "இதுக்குக் காசே கெடையாது. எந்த ஒயர்ல எவ்வளவு கரண்டு நிக்குதுன்னு எழுதியே காட்டும்."

"சும்மா குடுத்தாலும் வேணாம் தம்பி." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானது. "முந்நூத்தம்பது ரூவா. பொம்மை மாதிரி. சுவிட்சைப் போட்டா ஓடும், அமத்துனா நிக்கும், அம்புட்டுத்தான். மத்ததெல்லாம் இதுக்குத் தெரியாது. அண்ணனுக்கு இது பத்தாதுக்கா."

"இதையே ஏத்து."

ஈஸ்வரபாண்டி உள்ளே வந்து லேப்டாப்பைக் கொடுத்தான். அது ஏறி முடிகிறவரை எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "இவுக ஒரு ஒயரைத் தொட்டு எட்டு மாசமாச்சு" என்றாள் முனீஸ்வரி. தன்னைப் பற்றிய பேச்சு என்று அவன் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

பிறகு மெதுவாகக் கேட்டான். "இது தப்பைக் காட்டுமா தம்பி?"

ஜேசுராஜ் வாயைத் திறந்தான். அதற்குள் முனீஸ்வரி முந்திக்கொண்டாள். "எல்லாம் காட்டுமாம்."

சொல்லிவிட்டு ஜேசுராஜைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. அவன் லேப்டாப்பை ஈஸ்வரபாண்டி பக்கம் திருப்பி வைத்தான்.

ஈஸ்வரபாண்டி ஒற்றை விரலால் வரைய ஆரம்பித்தான். தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தே செல்போனில் போட்டு அமத்துகிற ஸ்டார்ட்டர் பெட்டி. எந்தத் தாளையும் பார்க்கவில்லை. எந்த இடத்திலும் யோசிக்கவில்லை.

ஜேசுராஜ் டிப்ளமோ படித்தவன். ஐந்தாவது ஒயரிலேயே அவனுக்குத் தப்பு தெரிந்துவிட்டது. "அண்ணே, இங்கன பாருங்க..."

"தம்பி, குடிக்கத் தண்ணி இருக்கா?" என்றாள் முனீஸ்வரி.

அவன் தண்ணீரோடு திரும்பியபோது திரையில் மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தது. ஈஸ்வரபாண்டி அமத்தினான். நின்றது. போட்டான், ஓடியது. மறுபடி அமத்தினான். பத்துப் பதினைந்து தடவை அப்படியே செய்தான். சிவப்பு எழுத்து எதுவும் வரவில்லை.

"நிக்குதுல்ல?" என்று கேட்டான்.

"நிக்குது" என்றாள் அவள்.

"அப்ப நான் போட்டது சரிதான்."

கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவற்றையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "பசிக்குது" என்றான்.

முனீஸ்வரியின் உதடு ஒரு தடவை துடித்தது. உடனே அடங்கியது. "எதுத்தாப்ல ஓட்டல் இருக்கு. போயி உக்காருங்க, பின்னாடியே வாரேன்."

அவன் ரோட்டைக் கடந்து ஓட்டலுக்குள் நுழைகிறவரை ஜேசுராஜ் பொறுத்திருந்தான்.

"அக்கா, அது தப்புக்கா! அந்த ரிலே கரண்டு வர்ற ஒயரை விட்டுட்டு நியூட்ரலைத்தான் வெட்டுது. மோட்டார் நின்னாலும் உள்ள கரண்டு அப்படியே இருக்கும். நின்னுருச்சுன்னு நம்பித் தொட்டா ஆளு காலி. அந்தப் பெட்டிய எங்கனயும் மாட்டிராதீக!"

முனீஸ்வரி லேப்டாப்பைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"மாட்டியாச்சு. எங்க கொழுந்தன் அந்த மோட்டாரைத் தொட்டுத்தான் செத்தான்."