அறுபத்திரண்டு பற்கள்

பொறியாளர் ஸ்டூலில் ஏறி நின்றார். கையில் சாக்பீஸ்.

டைனோசரின் வாயோரமாக அவர் ஒரு கோடு போடவேண்டும். அந்தக் கோட்டின் மேல் சகாயம் கட்டிங் மெஷினை ஓட்டுவான். வாய் திறந்துகொள்ளும். பிறகு பல் வைக்கலாம், நாக்கு வைக்கலாம், சிவப்புப் பெயின்ட் அடிக்கலாம். பூங்காவுக்கு வெள்ளிக்கிழமை திறப்பு விழா.

அவள் கீழே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

எட்டு மாதமாக அவள் செய்த சிலை. ஊன் தின்னும் டைனோசர். தரையிலிருந்து தலை வரை எட்டு அடி. உதடுகள் பற்களை மூடியிருந்தன.

அதுதான் தகராறு.

"பல்லு தெரியாத டைனோசர பாக்க எவன்மா வருவான்? பெரிய ஓணான்னு சொல்லிட்டுப் போயிடுவான்."

முதல் கூட்டத்திலேயே பொறியாளர் இப்படிச் சொல்லிவிட்டார். அவள் விடவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தாடை எலும்பின் படங்களைக் கொண்டுபோனாள். எலும்பின் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள். உதட்டுக்கு ரத்தம் போன வழி சார் இது, என்றாள். உடும்பின் வீடியோவைப் போட்டுக் காட்டினாள். எலியைக் கவ்வும்வரை அதன் ஒரு பல்கூட வெளியே தெரியவில்லை.

முதலைக்குத் தெரியுதே, என்றார் அவர்.

முதலை தண்ணியில கெடக்கு சார், பல்லு காயாது. இது வெயில்ல திரிஞ்சது.

கூட்டத்தில் இருந்தவர்கள் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

அது கூடப் பரவாயில்லை. வெளியே வரும்போது பொறியாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். குரலில் இரக்கம்.

"பல்லு செய்ய வரலன்னா சொல்லும்மா. ரெடிமேடா செட்டு கெடைக்குது."

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ரெடிமேட் பல் எப்படி இருக்கும் என்று ஊருக்கே தெரியும். பூங்கா வாசலில், ரோட்டைப் பார்த்து ஒரு டைனோசர் நிற்கிறது. போன வருஷம் லாரியில் வந்து இறங்கியது. அகலத் திறந்த வாய், தொங்கும் நாக்கு. பற்களெல்லாம் ஒரே அளவு, சீப்பு வாழைப்பழம் மாதிரி. வந்த வாரமே யாரோ அதன் முன்பல்லில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டிவிட்டார்கள். திருஷ்டி பொம்மை என்றே முடிவு செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. குழந்தைகளின் தலையை அதன் வாய்க்குள் விட்டுப் படம் எடுக்கிறார்கள். வாட்ச்மேன் வாரம் ஒரு தடவை தொண்டைக்குள் கை விட்டு ஐஸ்கிரீம் கப்புகளை அள்ளுகிறார்.

பத்திரிகைக்காகப் பொறியாளரும் அதன் வாய்க்குள் தலையை விட்டுச் சிரித்தபடி நின்றார்.

அவள் யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது.

பல் செய்திருந்தாள். அறுபத்திரண்டு.

ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் ஹேக்சா பிளேடால் ரம்பமுனை இழுத்திருந்தாள். உள்வரிசையில் ஒன்று அப்போதுதான் முளைத்துப் பழைய பல்லை நெட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் தாடையில் பதித்து, ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அதன் பிறகே உதட்டை மூடினாள்.

யாரும் பார்க்கப்போவதில்லை. ஆனால் அதற்குப் பல் உண்டு. அதனால் செய்தாள். அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

இடது கடைவாயில் மட்டும் உதடுகள் முழுதாகச் சேரவில்லை. ஒரு கை நுழையும் இடைவெளி. உள்ளே இருட்டு.

பொறியாளர் அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தார்.

"சார், உள்ள கம்பி ஓடுதான்னு கேளுங்க," என்றான் சகாயம். "டிஸ்க்கு பட்டா தெறிச்சிடும்."

அவர் கீழே அவளைப் பார்த்தார்.

"உள்ள என்னம்மா இருக்கு?"

"கைய விட்டுப் பாருங்க சார்."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். விரல்கள் இடைவெளிவரை போயின.

அங்கே நின்றன.

அதன் கண் அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அது எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. அவரை ஒரு பொருட்டாகவே நினைக்காத பார்வை.

"ஃபைபர்தான" என்று சிரித்தார். விரல்கள் நகரவில்லை.

மெஷினோடு நின்ற சகாயம் ஓரடி பின்னால் போயிருந்தான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை.

பொறியாளர் கையை எடுத்துக்கொண்டார். அதற்கு முதுகைக் காட்டாமல், காலால் துழாவித் துழாவி ஸ்டூலிலிருந்து இறங்கினார். சாக்பீஸைச் சட்டைப் பையில் போட்டார்.

"பிளக்க உருவுடா."

"சார்?"

"வாய் மூடியே இருக்கட்டும்."

விறுவிறுவென்று வாசல் பக்கம் நடந்துவிட்டார். சகாயமும் ஒயரைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. எட்டு மாதத்தில் முதல்முறையாக அதை யாரோ ஒருத்தர் பார்த்திருக்கிறார்.

கடைவாயில் அந்த வெள்ளைப் புள்ளி மட்டும் மிச்சம். துடைத்துவிட்டால் வேலை முடிந்தது. துணியை நனைத்துப் பிழிந்தாள். ஸ்டூலில் ஏறினாள்.

துணியோடு நீண்ட கை பாதியில் நின்றது.

உள்ளே எத்தனை பல் என்று அவளுக்குத் தெரியும்.