கருப்பாயிக்குக் கலியாணச் சாவு

தப்பு மேளச் சத்தம் ரப்பர் தோட்டத்து லய வீடுகளையே தூக்கிக்கொண்டு போனது.

அந்தக் குச்சிகளைப் பிடுங்கி அடுப்பில் வைக்க வேண்டும் போலிருந்தது அஞ்சலைக்கு.

வாசலில் மூங்கில் பாடையில் கருப்பாயி கிடந்தாள். அஞ்சலையின் அம்மாயி, அம்மாவைப் பெற்றவள். அம்மா பிரசவத்திலேயே போய்விட, பால்மரங்களுக்கு நடுவே தூளி கட்டிப் பேத்தியை வளர்த்தவள். ஒரு மரத்தில் பால் வெட்டுவாள், ஓடி வந்து தூளியை ஆட்டுவாள், மறுபடி அடுத்த மரத்துக்கு ஓடுவாள்.

கஞ்சியில் கிடக்கும் சோற்றையெல்லாம் அரித்துப் பேத்தியின் தட்டில் போட்டுவிடுவாள். "எனக்குத்தான் பல்லு இல்லியே, சோறு எதுக்குடி?" என்று தண்ணீரை மட்டும் குடிப்பாள்.

அப்பேர்ப்பட்டவளுக்காக அழ ஒரு நாதியில்லை.

கலியாணச் சாவாம்! பழுத்த கட்டை விழுந்தால் அழக்கூடாதாம், ஆட வேண்டுமாம். சொன்னது ஐயாசாமிக் கங்காணி. தப்புக்காரர்களுக்குக் கள்ளு அவர் செலவு. ரெங்கம் டவுனிலிருந்து வந்த பூவும் பொரியும் அவர் செலவு.

செலவழிக்க மாட்டாரா பின்னே? நேற்று விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், குளிர்க்காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட நின்றவளை, "நடிக்கிறியா கெழவி?" என்று மரத்துக்கு விரட்டியவரே அவர்தான். வெயில் ஏறுவதற்குள் கருப்பாயி தன் மர நிரையிலேயே, பால் வாளிக்குப் பக்கத்தில் சாய்ந்துவிட்டாள்.

தோட்டத்துத் துரை வந்து விசாரித்தபோது, "வயசாயிருச்சுங்க தொரெ" என்று கைகட்டிச் சொன்னார் கங்காணி. துரையும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். ஐயாசாமி கள்ளில் மறைத்தார்.

பேத்தி பிடிக்க வேண்டிய நெய்ப்பந்தத்தைக் கொளுத்தி யாரோ அஞ்சலையின் கையில் கொடுத்தார்கள். பந்தம் பிடித்துச் சுற்றி வந்துவிட்டால் முடிந்தது கதை. பாடையைத் தூக்கிவிடுவார்கள். அம்மாயி அழுகையில்லாமல், கேள்வியில்லாமல் மண்ணுக்குள் போய்விடுவாள்.

"யாரும் கண்ணு கலங்கக் கூடாது" என்று கூட்டத்தின் நடுவில் நின்று முழங்கினார் ஐயாசாமி. "கெழவி நூறு வயசு வாழ்ந்துட்டா. குடுத்துவச்ச கட்ட!"

சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். ஒரு வெள்ளை முடியில்லாத மீசை.

பக்கத்து வீட்டு வெள்ளையம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். கருப்பாயியோடு ஒரே கப்பலில் வந்தவள். அவளுக்கும்கூட அழ அனுமதியில்லை.



அஞ்சலை பாடையைச் சுற்றவில்லை. நேராகத் தப்புக்காரர்கள் முன்னால் போய்ப் பந்தத்தை நீட்டினாள். தோல் கருகிவிடுமோ என்று அவர்கள் பின்வாங்கினார்கள். சத்தம் நின்றது.

"கங்காணி, ஊர்ல தோட்டத்துக்கு ஆள் கட்ட வந்தப்ப எங்க அம்மாயிய என்னான்னு கூப்பிட்டீங்க?"

ஐயாசாமி தப்புக்காரர்களுக்குக் கண்ணைக் காட்டினார்.

"தங்கச்சின்னு கூப்பிட்டீங்களாம். அம்மாயியே சொல்லியிருக்கு. 'வா தங்கச்சி, அண்ணன் நான் இருக்கேன்'னு சொல்லித்தான் கப்பலேத்துனீங்களாம்."

"துக்கத்துல புள்ளைக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்றார் கங்காணி, கூட்டத்தைப் பார்த்து.

"அம்மாயி எங்கம்மாவப் பெத்தப்ப அதுக்குப் பதினாறு வயசு. எங்கம்மா என்னியப் பெத்ததும் பதினாறுல. எனக்கு இப்பப் பதினாறு."

தினமும் மரத்தை எண்ணி வெட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒரு பாரமா? கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள்.

"நாப்பத்தெட்டு."

எல்லோரும் பாடையைப் பார்த்தார்கள். பஞ்சாக வெளுத்த தலை. பொக்கை வாய். நிமிர்த்திப் படுக்க வைக்க முடியாத கூன் முதுகு. பிறகு கங்காணியின் கறுத்த மீசையைப் பார்த்தார்கள்.

"அடிங்கடா தப்ப!" என்று கத்தினார் ஐயாசாமி.

ஒருவனும் குச்சியைத் தொடவில்லை.

வெள்ளையம்மாவின் வாயிலிருந்து முந்தானை நழுவியது. இத்தனை வருஷமும், தான் மூத்தவளாக இருந்தும், லயத்தோடு சேர்ந்து அவளும் கருப்பாயியைக் கெழவி என்றுதான் கூப்பிட்டாள். இப்போது பாடையின் மேல் போய் விழுந்தாள். மார்பில் அறைந்துகொண்டு, லயம் முழுக்கக் கேட்கும்படி ஓலமிட்டாள்.

"அடி என் தங்கச்சீ!"