கொடி படரும் கூரை

எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் பிற்பகல் வெயில் அறையின் கூரையைத் தொடுகிறது. அது ஒரு மணி நேரம்தான் நிற்கும். துணிகளில் அச்சிடப் பூ வரைகிறவள் தூரிகையை நனைத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறாள். தெருவில் லாரி போகும்போதெல்லாம் கூரையின் விரிசல் நீள்கிறது. நேற்று மின்விசிறிக் கொக்கியைச் சுற்றி வளைந்தது. இன்று அங்கிருந்து இரண்டு கிளைகள் பிரிந்திருக்கின்றன. எவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டாலும் வராத வளைவு. அதை அப்படியே தாளில் இறக்கி, ஓரத்தில் நாலு இலை வைத்தால் முடிந்தது. போன வாரம் அச்சுப்பட்டறை முதலாளி வாயைப் பிளந்தார். "இந்தக் கொடியை எங்கேம்மா பிடிச்சே? இதே மாதிரி இன்னும் மூணு வேணும்." இரண்டு வரைந்துவிட்டாள்.

விரிசலுக்கு நேர் கீழே, இரவு வேலை முடிந்து வந்த கணவன் கட்டிலில் அடித்துப்போட்டதுபோல் தூங்குகிறான். சிமென்ட் தூள் அவன் இமையில் விழுகிறது. கண்ணைத் திறக்காமலே துடைத்துக்கொள்கிறான்.

"கொத்தனார்கிட்ட சொன்னியா?"

"சொல்லிட்டேங்க. நாளன்னைக்கு வர்றாராம்."

அவள் சொல்லவில்லை. அவன் பார்த்தபோது விரிசல் விரல் நீளம்தான் இருந்தது. கட்டிலை நகர்த்தலாம். நகர்த்தினால் ஏன் என்று கேட்பான், மேலே பார்ப்பான், இன்றைக்கே ஆளைக் கூட்டிவந்து பூசிவிடுவான். மூன்றாவது கொடிக்கு இன்னும் ஒரு கிளைதான் பாக்கி.

தெருமுனையில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று திரும்புகிறது. மேசையில் தண்ணீர்க் கிண்ணம் நடுங்குகிறது. அவன் புரண்டு மல்லாந்து படுக்கிறான். அவள் தாளை மட்டும் வெளிச்சத்துக்கு நகர்த்திக்கொள்கிறாள்.