நரிக் கதையின் முதல் பக்கம்

"மறுபடியும் தப்பான பக்கத்துல ஆரம்பிக்கிற பாரு" என்று சிரித்தான் நஞ்சுண்டசாமி.

எதிரே உட்கார்ந்திருந்த மகள் அனுப்ரியா அதைக் காதில் வாங்கவில்லை. தோசைத் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, நாம் எல்லாப் புத்தகத்தையும் பிரிப்பது போலவே அந்த மாங்கா புத்தகத்தையும் பிரித்துவிட்டாள்.

ஜப்பான் படக்கதை அது. கோட்டும் தொப்பியும் போட்ட நரி அப்பா, குடை பிடித்த நரி அம்மா, ஸ்கூல் பை மாட்டிய நரிக்குட்டி என்று பாகம் பாகமாக வரும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அப்பா ஒரு பாகம் வாங்கிக்கொண்டு வருவான். போன வாரம் கொடுத்தது கடைசிப் பாகம். அதைத்தான் பையில் வைத்து மறுபடி தூக்கி வந்திருந்தாள்.

வாரத்தில் ஒரு நாள், அதுவும் இரண்டு மணி நேரம், மைசூர் தேவராஜ மொஹல்லாவில் இந்த ஓட்டல் மாடியில்தான் அப்பாவும் பெண்ணும் பார்த்துக்கொள்வது. ஐந்து மணிக்கு சொர்ணலதா வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்த நாளிலிருந்து அவள் இந்த மாடிப்படி ஏறியதில்லை. கீழே நின்றபடி ஒரு மிஸ்டு கால், அவ்வளவுதான்.

இன்று அந்த மிஸ்டு கால் வருவதற்குள் நஞ்சுண்டசாமி மகளிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கத்தாரில் வேலை கிடைத்திருக்கிறது. புதன்கிழமை விமானம். இரண்டு வருஷத்துக்கு இந்த ஞாயிற்றுக்கிழமைகள் கிடையாது. தோசைக்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று நினைத்தான், தோசை வந்துவிட்டது. தோசை முடியட்டும் என்று நினைத்தான், இப்போது நரி வந்துவிட்டது.

"இன்னொரு ஐஸ்கிரீம் சொல்லட்டுமா கண்ணு?"

"பேடப்பா."

கௌதள்ளி கிராமத்துத் தமிழ் பேசும் அப்பனுக்குப் பிறந்தவள்தான். ஆனால் மைசூர் அவளைப் பாதிக் கன்னடக்காரி ஆக்கிவிட்டது. வேண்டாம் என்று அவள் வாயில் வராது, 'பேட'தான் வரும்.

"சரி, உங்க நரி அப்பா என்ன வேலை பாக்குறாரு?"

"ரயில்வே ஸ்டேஷன்ல பெல் அடிக்கிறாரு."

"பரவால்லையே, என்னை மாதிரி பேக்டரியில மாட்டிக்கல. வேலைக்காக வெளியூரெல்லாம் போவாரா?" அப்படியே பேச்சைத் தன் பக்கம் இழுத்துவிடலாம் என்று பார்த்தான். அனுப்ரியா பக்கத்தைப் புரட்டினாள்.

அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. வாத்தியார் வேலையில் இறங்கினான்.

"இங்க பாரு கண்ணு. 'நில்லுங்க, தப்பான பக்கத்துல ஆரம்பிக்கிறீங்க'ன்னு புத்தகம் போட்டவனே இங்கிலீஷ்ல அச்சடிச்சு வெச்சிருக்கான். இது வலது பக்கத்துல இருந்து படிக்கோணும். நாம பின்னட்டைனு நெனைக்கிறோமே, அதுதான் முன்னட்டை."

சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கதையை அவன் ஒரு வரி படித்ததில்லை. இந்த விவரமும் புத்தகக் கடைக்காரர் சொன்னதுதான். ஆனாலும் வாரத்துக்கு இரண்டு மணி நேர அப்பாவுக்கு, மகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதுவாவது கிடைத்ததே.

அனுப்ரியா சமர்த்தாகத் தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அதே மாதிரி தொடர்ந்தாள். அவள் விரல் பக்கத்துக்குப் பக்கம் வலது கட்டத்தில் தொடங்கி இடது கட்டத்துக்கு ஓடியது. நஞ்சுண்டசாமி விரலைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கங்கள் தீர்ந்தன. அவள் வந்து நின்ற படத்தில் மூன்று நரிகளும் ஒரே கம்பளிக்குள் சுருண்டு தூங்கின. அதையே வெகுநேரம் பார்த்தாள். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"அது மொதப் பக்கம்டா தங்கம். கதையே அங்கதான் ஆரம்பிக்குது. இத்தன நேரம் படிச்சதுல உனக்கு ஒண்ணுமே புரிஞ்சிருக்காதே."

"புரிஞ்சுதுப்பா."

"என்னத்தப் புரிஞ்சுது, கிளாஸ் பர்ஸ்ட் வர்ற புள்ள இதுல கோட்டை விடுற" என்று அவள் தலையைக் கலைத்தான்.

மேசை மேல் போன் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. இதற்கு மேல் தள்ளிப்போட இடமில்லை. இந்தக் கதையை ஒரே ஒரு தடவை சேர்ந்து படித்துவிட்டு, முடிந்த கையோடு சொல்லிவிட வேண்டியதுதான். இரண்டு வருஷம் நினைத்துக்கொள்ள அவனுக்கும் ஏதாவது வேண்டுமே.

"அம்மா அஞ்சு நிமிஷம் நிக்கட்டும். நீ இப்பிடி வா, அப்பா பக்கத்துல உக்காரு. மொதல்ல இருந்து கரெக்டா படிக்கலாம். முடிச்சிட்டு உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்."

எழுந்து வந்து அவன் தோளோடு ஒட்டி உட்கார்ந்தாள். நரிகள் தூங்கும் பக்கத்தைத் தாண்டி அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனான் அவன். அவளுடைய சின்னக் கை வந்து புத்தகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டது. கண் நிறைந்திருந்தது.

"அங்கிருந்து பேடப்பா. அப்படிப் படிச்சா, கடைசியில அப்பா பெட்டி எடுத்துட்டுப் போயிடுறாரு."